வெறுந்தட்டைத் தூக்கிக் காட்டுவது

கூட்டுறவுச் சங்கக்கடையில் 22 வருடம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ‘மனேச்சர் அக்கா’தான். அந்தப் பெயர்தான் என்னை ஆட்களின் சண்டைக்கு நடுவே கொண்டுபோய் விட்டது.

2018இல் எங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கு, அதுதான் ஊர்ப் பிணக்குகளை வழக்காடாமல் பேசித் தீர்க்க வைக்கிற சபைக்கு, ஆள் எடுக்கிறார்கள் என்று மாதர் சங்கம் என் பெயரைக் கொடுத்தது. திருகோணமலை நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்து நாள் பயிற்சி, முடிவில் மதிப்பீடு. இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் தெரிவாகவில்லை. ஆட்கள் கதைத்து முடிப்பதற்கு முதலே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேனாம். உண்மைதான். ‘கணக்கு இவ்வளவு, காசை வை, அடுத்த ஆள் வா’ என்று நின்று பழகிய வாய்.

ஆனால் அந்த ஐந்து நாள் வீண் போகவில்லை. 1958இல் இணக்க சபை என்று ஒன்று இந்த நாட்டில் வந்ததையும், அரசியல்வாதிகளின் ஆட்கள் அதில் ஏறி உட்கார்ந்து அதன் பெயர் கெட்டு, இருபது வருடத்தில் அது இல்லாமல் போனதையும் அங்கேதான் கேட்டேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டம் அந்தப் பிழையைப் பார்த்துப் பார்த்துக் கட்டியது போல இருந்தது. மத்தியஸ்தரை நியமிப்பது ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு. அதில் மூவராவது உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதியரசர்களாக இருந்தவர்கள். மத்தியஸ்தருக்குச் சம்பளம் இல்லை. உங்களுக்காகச் சட்டத்தரணி வந்து பேச முடியாது. அங்கே சொன்னதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டவும் முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது ஆளைத் தெரிவு செய்கிற முறை. பட்டியலில் இருந்து இவர் ஒருவரைச் சொல்வார், அவர் ஒருவரைச் சொல்வார், அந்த இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாமவரை எடுப்பார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் நாங்கள் தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது, பயிற்றுநர் வெண்பலகையில் ஒரு தீவை வரைந்தார். பெயர் கூட்டூர். 300 குடும்பம். படகு, வலை, கடை எல்லாம் பொது, எல்லாரும் ஒரே கூட்டுறவுச் சங்கம். பொலிஸ் இல்லை, கோடு கச்சேரி இல்லை. “ஆனால் சண்டை வரும். ஆரிட்டப் போவார்கள்? எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற அதிபர்கள் இரண்டு பேர். பிறகு கேட்கவா வேண்டும்? ஒரு மணித்தியாலத்தில் கூட்டூருக்கு ஒரு நடுவர் குழாம் எழுந்துவிட்டது. நடுவர்களுக்குச் சொந்தப் படகு கூடாது. தீவின் ஒரு கரையில் தனியாகக் குடியிருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. எந்த வீட்டிலும் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. கல்யாணத்துக்கும் போகக் கூடாது, செத்தவீட்டுக்கும் போகக் கூடாது. போனால் பக்கம் சாய்ந்துவிடுவார்களாம். நானும் தலையாட்டிக்கொண்டு அழகான கையெழுத்தில் எழுதினேன்.

குழுவில் ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். பாதி ஊருக்குத் தொப்புள்கொடி வெட்டிய கை. அதுவரை வாயே திறக்காதவர் நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கேட்டார்: “செத்தவீட்டுக்கும் வராத மனுசரிட்ட ஆர் வழக்குக் கொண்டு போவான்?”

எல்லாரும் சிரித்தோம். தாளை மாற்றவில்லை, அப்படியே ஒப்படைத்தோம். அவர் கேட்டது எனக்கு உறைக்க இரண்டு கரைவலைக் காலம் ஆனது.

எங்கள் கரை நிலாவெளிப் பக்கம். ஊர்ப் பெயரை விடுகிறேன், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் தமிழர், முஸ்லிம்கள், சில சிங்களக் குடும்பங்கள் எல்லாரும் அங்கத்தவர்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சட்டத்தில், சங்கத்து அலுவலில் அங்கத்தவருக்குள் பிணக்கு வந்தால் அதைப் பதிவாளருக்கு அனுப்ப 58ஆம் பிரிவு இருக்கிறது. அவரே தீர்ப்பார், அல்லது நடுத்தீர்ப்பாளரிடம் விடுவார். நல்ல பிரிவுதான். ஆனால் கடதாசி போய்த் திரும்பி வருவதற்குள் சோளகம் முடிந்து வாடை தொடங்கிவிடும், வலையைக் கட்டி வைத்துவிடுவார்கள். சண்டை மட்டும் கட்டாமல் கிடக்கும்.

அதனால் மத்தியஸ்த சபை முறையைக் கடன் வாங்கி, சங்கத்துக்குள் ஒன்பது பேர் கொண்ட ஒரு பட்டியல் போட்டோம். நடுத்தீர்ப்பாளர் தீர்ப்புச் சொல்கிறவர். நாங்கள் சொல்ல மாட்டோம், உட்கார்ந்து கதைக்க வைப்போம், முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதிக் கொடுப்போம். இந்த வித்தியாசத்தை ஊருக்கு விளங்கப்படுத்தவே ஒரு மாதம் பிடித்தது. ‘தீர்ப்புச் சொல்லாட்டி பிறகென்னத்துக்கு நீங்கள்?’ என்று கேட்காத ஆள் இல்லை.

முதல் பெரிய வழக்கு கரைவலை முறையில் வந்தது.

வெளியூர் ஆட்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கரைவலை என்றால் தோணியில் போய் அரைவட்டமாக வலையை வளைத்து, இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. ஒரு வலைக்கு இருபது இருபத்தைந்து பேர் வேண்டும். எங்கள் கரையில் அப்போது ஐந்து வலை. ஒரே பாட்டில், அதாவது வலை வளைக்கிற ஒரே இடத்தில், ஐந்தையும் போட முடியாது, அதனால் நாளுக்கு ஒரு வலை என்று முறை. அந்த முறையையும் பாடு என்போம். மீன் எந்த நாள் வரும் என்று ஆருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த முறை அவ்வளவு பெரிய சொத்து.

ஒரு வைகாசி வியாழன், முறை மாமாவுடையது. சொந்த மாமா இல்லை, அப்பாவோடு தொழில் செய்தவர், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன். முதல் நாள் இரவு அவருடைய அக்கா காலமாகிவிட்டார். ஒரு பொடியனிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த முறைக்காரரான காக்காவுக்குச் செய்தி போனது. அவர் முஸ்லிம், அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். விடிய அவர் வலை போட்டார். வலையின் மடி கிழியக் கீரி மீன். லொறிக்காரர் கரைக்கே வந்து ஆறரை லட்சத்துக்கு எடுத்தார்கள்.

மாமா பாதி கேட்டார். ‘நான் பாட்டை மாத்தச் சொன்னேன், விட்டுக் கொடுக்கேல்ல.’ காக்கா சொன்னார்: ‘எனக்கு வந்த செய்தி, விட்டுட்டார் எண்டு.’ மாற்றினாரா, விட்டாரா? இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கரை இரண்டாகப் பிரிந்து நின்றது. உங்களுக்கே தெரியும், எங்கள் மாவட்டத்தில் இப்படிப் பிரிகிறபோது அது வலையோடு மட்டும் நிற்காது.

மாமா என்னைத் தெரிவு செய்தார். காக்கா, கிண்ணியாவில் இருந்து இங்கே கல்யாணம் கட்டி வந்த ஓர் ஆசிரியையைச் சொன்னார். எங்களுக்கு அவர் ராத்தா, முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கூட்டூரில் இருக்கவே முடியாத ஒருவரை எடுத்தோம். இரண்டு வலையிலும் வருடக்கணக்காக அம்பா பாடிக் கயிறு இழுத்து, முதுகு போய், இப்போது கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர். இரண்டு பேரிடமும் கூலி வாங்கியவர். இரண்டு பேரையும் ஏசியவரும்தான்.

முதல் அமர்வு சங்கக் கந்தோரில். வெள்ளி பகல் கூடாது, போயா கூடாது, கோயில் திருவிழா கூடாது என்று நாள் பார்த்து வைத்தேன். கதிரைகளைச் சமமாகப் போட்டேன். பயிற்சியில் சொன்ன எல்லாம் செய்தேன். இருபது நிமிடத்தில் காக்கா எழும்பிவிட்டார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“புள்ள, அவர மாமா எண்டீங்க. என்ன அங்கத்தவர் எண்டீங்க. அவருக்குச் சீனி குறையத் தேத்தண்ணி எண்டு கேக்காமலே சொன்னீங்க. எனக்கு என்ன வேணும் எண்டு கேட்டீங்க. பொறகு என்னத்துக்கு என்ன இங்க கூப்பிட்டீங்க?”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. 22 வருடத்தில் ஒரு கிராம் பிசகாத ஆளைப் பார்த்தா இந்தக் கேள்வி? வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று தனியாகப் பொருமினேன். பிறகுதான் கடை நினைவுக்கு வந்தது. நிறுக்கத் தொடங்குவதற்கு முதல் நான் எப்போதும் தராசைத் தூக்கி வெறுந்தட்டுகளைக் காட்டுவேன். முள் நடுவில் நிற்பதை வாங்க வந்தவர் பார்க்க வேண்டும். தட்டின் அடியில் புளி ஒட்டி விற்ற கடைகளைச் சனம் கண்டிருக்கிறது. நான் ஒட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். முன்னால் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதைக் காட்டாமல் ‘என்னை நம்பு’ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கடையில் ஒருநாளும் மறக்காததைக் கந்தோரில் மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு காக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “காக்கா, மாமாவை எனக்குச் சின்ன வயசிலயே தெரியும், அதை மறைக்கேலாது. அவர் என்னைத் தெரிவு செய்ததும் அதாலதான். ஆனால் நான் அவருக்காகக் கதைக்க வரேல்ல. அப்படி எங்கேயாவது பட்டால் அங்கேயே சொல்லுங்க, நான் எழும்பிடுறன்” என்றேன். இதையே மாமாவுக்கு முன்னாலும் சொல்வேன் என்றும் சொன்னேன். காக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, சீனி கூட” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. தேத்தண்ணியைச் சொன்னார்.

அன்றிலிருந்து உறவுகளை அமர்வு தொடங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். இவர் எனக்கு இன்ன முறை, இவரிடம் கடன் வாங்கியிருக்கிறேன், இவர் மகனுக்கு என் தம்பி படிப்பித்தவன். சின்ன ஊரில் உறவில்லாத ஆளுக்கு எங்கே போவது? அழைப்பிலும் ஒரு ஒழுங்கு வைத்தோம். முறை சொல்வதானால் இரண்டு பேருக்கும் முறை சொல்ல வேண்டும், மரியாதைப் பெயரானால் இரண்டு பேருக்கும் அதுதான்.

இரண்டாம் அமர்வில் தனித்தனியே கேட்டோம். ஒருவரோடு எவ்வளவு நேரம் கதைத்தோம் என்பதை மற்றவர் வெளியே இருந்து எண்ணிக்கொண்டே இருப்பார். அதனால் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி வெளித் திண்ணையில் மாட்டினோம், ஆளுக்கு அரை மணித்தியாலம். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை, ராத்தாவின் யோசனை. பள்ளிக்கூடப் புத்தி.

என் யோசனை ஒன்று இருந்தது, நல்லவேளை அது நடக்கவில்லை. செய்தி கொண்டு போன பொடியனைக் கூப்பிட்டு, ‘மாமா மாத்தச் சொன்னவரா, விட்டுட்டன் எண்டவரா?’ என்று கேட்டுவிட வேண்டும் என்று நின்றேன். கிழவர் விடவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவன் எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் அவனைக் காலம் முழுக்கப் பொய்யன் என்று சொல்லும். “மீனைப் பிடிக்கத்தான் வலை போடுறது, குஞ்சைப் பிடிக்கிறதுக்கில்ல” என்றார். உண்மையைத் தோண்டி எடுத்தால் பிணக்குத் தீரும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காக்காவின் அரை மணித்தியாலத்தில் இருபத்தைந்து நிமிடம் வலை, முறை, லொறி, கணக்கு. கடைசியில்தான் வேறொன்று வந்தது. “நான் செத்தவூட்டுக்குப் போனன் புள்ள. வாசல்ல நிண்டன். ஒரு மனிசன் இரு எண்டு சொல்லல்ல. அவர் என்னப் பாத்துட்டு முகத்தத் திருப்பிட்டார்.”

மாமாவின் அரை மணித்தியாலத்திலும் அப்படித்தான். காசுக் கதை எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: “அக்காவைக் கிடத்தியிருக்கு. இவர் மீன் ஏத்தின கையோட வாறார். சட்டை முழுக்கச் செதில். என்ர பாட்டில பிடிச்ச மீன்ர செதில்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வாய் துருதுருத்தது. ஓடிப் போய்க் காக்காவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் தனியே சொன்னதைச் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் அடுத்த பக்கம் கொண்டு போனால் அன்றோடு எங்கள் பட்டியல் செத்துவிடும். அதனால் மாமாவிடமே கேட்டேன், இதைக் காக்காவிடம் சொல்லலாமா என்று. கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ சொல்லாத, நானே சொல்லுறன்” என்றார்.

சொன்னார். காக்கா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். ஏதோ அந்தச் செதில் இன்னும் அங்கே ஒட்டியிருக்கிற மாதிரி. “பிரேதத்த எடுத்துருவாங்க எண்டு ஓடி வந்தன். குளிக்க நேரமில்ல” என்றார்.

அதற்குப் பிறகு காசு அவ்வளவு பாரமாக இருக்கவில்லை. இலேசாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன், இன்னும் இரண்டு அமர்வு இழுத்தது. மாமா பாதி கேட்டதைக் கைவிட்டார். காக்கா தன்னுடைய அடுத்த முறையை அவருக்குக் கொடுத்தார். நானும் ராத்தாவும் மறந்திருந்த ஒரு பங்கைக் கிழவர்தான் எடுத்து வைத்தார். செத்தவீட்டுக்குப் போனதால் அன்று கூலி இழந்த இழுவைக்காரர் எட்டுப் பேர். சண்டை இரண்டு முதலாளிகளுக்குள் என்று நினைத்து அவர்களை ஆரும் கேட்கவே இல்லை. காக்கா அந்த எட்டுப் பேருக்கும் ஒரு நாள் கூலி கொடுக்கச் சம்மதித்தார். சாவு விழுந்தால் முறை தானாகவே அடுத்தவரோடு மாறும், விட்டதாகக் கணக்கில்லை என்று சங்கமும் தீர்மானம் எழுதியது.

ஒப்பந்தத்தை எழுதும்போது என் கந்தோர்த் தமிழை ராத்தா வெட்டி எறிந்தார். ‘மேற்குறிப்பிட்ட தரப்பினர்’ எல்லாம் போய், ‘மாமா இதைச் செய்வார், காக்கா இதைச் செய்வார், இந்தத் திகதிக்குள்’ என்று வந்தது. இரண்டு பேருக்கும் முன்னால் உரத்து வாசித்து, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துத்தான் கையெழுத்து வாங்கினோம். திகதி போடாத வாக்குறுதியை இப்போதும் நாங்கள் எழுதுவதில்லை.

பிறகு வந்த வழக்குகள் எல்லாம் இப்படி முடியவில்லை. எஞ்சின் கடனுக்குப் பிணை நின்ற சண்டையில் ஒருவர் சிங்களவர். சந்தைத் தமிழ் நன்றாகக் கதைப்பார், கோபம் வந்தால் சிங்களம்தான் வரும். கோபத்தைக் கடன் வாங்கின மொழியில் சொல்லச் சொல்வது அநியாயம் என்பதால், அவரவர் மொழியிலேயே பேசட்டும், மொழிபெயர்ப்பது மூன்றாமவர் மட்டும் என்று வைத்தோம். அதிலும் ஒரு கூத்து. அவர் எதிராளியை ‘அய்யா, அய்யா’ என்று கூப்பிட, எங்கள் ஆள் தன்னைப் பெரிய துரை மாதிரி மதிக்கிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சிங்களத்தில் அது அண்ணன். விளங்கியதும் கொஞ்சம் ஏமாற்றம், ஆனால் கதை இறங்கி வந்தது.

கரையில் மீன்வாடி போடுகிற காணிக்கு அடிபட்ட சகோதரர்கள் இரண்டு பேரோடு ஆறு அமர்வு இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். மூன்று அமர்வோடு நிறுத்தியிருக்க வேண்டும். மிச்ச மூன்றும் எங்களுடைய வீம்பு.

போன மாதம் என் மருமகனே ஒரு வழக்கோடு வந்தான். பட்டியலை எடுத்து நீட்டியபோது இரண்டு பக்கமும் என் பெயரைத் தாண்டி விரலை வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சுருக்கு. பிறகு எழும்பிப் போய் அடுப்பை மூட்டினேன். ஆருக்குச் சீனி எவ்வளவு என்று இரண்டு பேரிடமும் கேட்டேன், மருமகனிடமும். “என்ன மாமி, உங்களுக்குத் தெரியாதா?” என்றான். தெரியாது என்று சொல்லிவிட்டு, இரண்டு கோப்பையையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.